விருந்தாளிக்கு எந்த இடம்? ஜோர்ஜ்டவுன் தங்கும் விடுதிகள் சொல்லும் கதை



"ஒரு நடுத்தர நகரத்தில் புதிய தங்கும் விடுதிகளை எங்கே கட்ட வேண்டும்?" இதுதான் இன்றைய கருத்துக்களத்தின் கேள்வி. கட்டடக் கலைஞர்களும் முதலாளிகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தில் நமக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடுதி எங்கே எழுகிறது என்பதைப் பார்த்தாலே அந்த ஊர் யாரை வரவேற்கிறது, யாரை வெளியே அனுப்புகிறது என்று சொல்லிவிடலாம். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. அதுதான் பினாங்கின் ஜோர்ஜ்டவுன். அந்த ஊரின் 140 ஆண்டு விடுதிக் கதையைத் திருப்பிப் பார்த்தால் இன்றைய கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

கப்பல் கொண்டு வந்த விடுதிகள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்த நாள் முதல் அந்தத் தீவின் வாசல் துறைமுகம்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும் அல்லவா? ஆர்மீனிய நாட்டு வம்சாவளியினரான சார்க்கீஸ் சகோதரர்கள் அந்தத் தேவையைப் புரிந்துகொண்டார்கள். 1884இல் ஈஸ்டர்ன், 1885இல் ஓரியண்டல் என்று இரண்டு விடுதிகளைத் தொடங்கி, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஃபார்குவார் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் அதுதான். சிங்கப்பூரில் 1887இல் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கியவர்களும் இவர்களே.

இடத்தை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் பயணி பெட்டி படுக்கையோடு நெடுந்தூரம் போகத் தேவையில்லாத இடம் அது. ரயிலில் வந்தவர்களுக்கும் அதே கதைதான். தண்டவாளம் அக்கரையில் பிறை நகரோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து படகில்தான் தீவுக்கு வர வேண்டும். அதனால்தான் ரயிலே வராத வெல்ட் குவேயில் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் எழுந்தது. ஆகவே, அந்தக் காலத்தில் விடுதி துறைமுகத்தை ஒட்டி அமைந்தது சரியான கணக்கு.

நம்மவர்கள் எங்கே தங்கினார்கள்?

ஆனால், கடலைப் பார்த்த அந்த அறைகள் முதல் வகுப்புப் பயணிகளுக்கானவை. மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் வந்த நம் முன்னோர்களுக்குக் கிடைத்த முதல் 'விடுதி' எது தெரியுமா? ஜெரெஜாக் தீவு! தோட்டங்களுக்கு ஆள் எடுத்து வந்தபோது, தொற்றுநோய் பயத்தால் அவர்களை அந்தத் தீவிலுள்ள தடுப்பு முகாமில் நாள் கணக்கில் தங்க வைத்த பிறகே கரைக்கு அனுப்பினார்கள். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். முகாமாகவும் பிறகு சிறைச்சாலையாகவும் இருந்த அதே தீவில் 2004இல் ஓர் உல்லாச விடுதி திறந்தார்கள். அதுவும் பின்னாளில் மூடப்பட்டது.

ஊருக்குள்ளே தமிழர்களுக்கென்று வேறு ஏற்பாடுகள் இருந்தன. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கீழே பெட்டகமும் கணக்குப் புத்தகமுமாகத் தொழில் நடக்கும். முகவர்களும் ஊழியர்களும் அந்தக் கூரையின் கீழேயே தங்கிக்கொள்வார்கள். சூலியா தெருவிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். பக்கத்தில் ஆச்சே தெருவில், மக்காவுக்குப் புறப்படும் ஹஜ் பயணிகள் கப்பலுக்காகக் காத்திருந்து தங்கினார்கள். 1926 முதல் ரஜூலா கப்பலும், 1973க்குப் பிறகு சிதம்பரம் கப்பலும் தமிழ்நாட்டையும் பினாங்கையும் இணைத்தன. 1985இல் சிதம்பரத்தில் தீ விபத்து ஏற்பட்டதோடு அந்தக் கடல்வழித் தொடர்பு அறுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டங்கியும் ஆச்சே தெரு வீடுகளும் ஊர் மக்களின் தொழிலோடும் வழிபாட்டோடும் பின்னிக் கிடந்தவை. தங்க வந்தவருக்காக அங்கே குடியிருந்தவர் இடம் பெயரவில்லை. விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

கடற்கரைக்கு ஓடிய காலம்

அடுத்த திருப்பம் 1969இல் வந்தது. தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியைப் பினாங்கு இழந்தது. துறைமுகத்தை நம்பிய பிழைப்பு ஆட்டம் கண்டது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. அந்த ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூவின் அரசு இரண்டு வழிகளைப் பிடித்தது. ஒன்று தொழிற்சாலை, மற்றொன்று சுற்றுலா. பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. வடக்கே பத்து பிரிங்கி கடற்கரை விடுதிகளுக்கான இடமாயிற்று. அங்கே 1948இலேயே லோன் பைன் என்ற சிறிய விடுதி இருந்தது. 1973இல் ராசா சாயாங் திறந்ததும் கடற்கரையின் முகமே மாறியது.

வாசல் மாறிவிட்டதே காரணம். விருந்தாளி இப்போது கப்பலில் வரவில்லை, விமானத்தில் வந்தார். பாயான் லெப்பாசில் இறங்கி, நகரத்தைக் கடந்து நேரே மணலுக்குப் போனார். இதனால் பலருக்கு வேலை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், நகரத்துக்குள் இருந்த கடைக்காரருக்கு அந்த விருந்தாளி ஒரு நாள் சுற்றிப் பார்க்க வருபவர் மட்டுமே. இன்னொரு பாடத்தை 26 டிசம்பர் 2004 கற்றுத் தந்தது. அன்றைய சுனாமி நம் நாட்டில் பறித்த உயிர்களில் பெரும்பாலானவை பினாங்கில் போனவை. கடலோரத்தில் இன்னும் கட்டலாமா என்று கேட்பவர்கள் அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து போகும் அந்தச் சாலை எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைவீடுகள் விடுதிகளான கதை

கடற்கரை வளர்ந்த அதே காலத்தில் பழைய நகரம் ஏன் அப்படியே இருந்தது? அதற்கு ஒரு சட்டம் காரணம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் பிடித்து வைத்தது. வீட்டு உரிமையாளருக்கு அது நட்டம். கூரை ஒழுகினாலும் பழுது பார்க்கப் பணம் வராது. ஆனால், தட்டாரும் தையற்காரரும் பூ கட்டுபவரும் அங்காடிக்காரரும் நகரத்தின் நடுவிலேயே குறைந்த வாடகையில் வாழ முடிந்தது.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 1 ஜனவரி 2000 முதல் கட்டுப்பாடு விலகியது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறின. சில வீடுகளில் மனிதர்கள் போய், கூடு கட்டும் குருவிகள் குடியேறின! பறவைக்கூட்டு வியாபாரத்துக்காகவே கடைவீடுகளின் மேல்மாடிகளை அடைத்துவிட்டார்கள்.

பிறகு, 7 ஜூலை 2008 அன்று மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளங்களாயின. நமக்கெல்லாம் பெருமைதான். ஜோர்ஜ்டவுனில் 109 ஹெக்டருக்குச் சற்று அதிகமான நிலம் மையப் பகுதி, அதைச் சுற்றி 150 ஹெக்டர் பாதுகாப்பு வளையம். ஆனால் மாலையின் வாசம் போவதற்குள் சண்டை வந்தது. எதைப் பற்றித் தெரியுமா? விடுதிகளைப் பற்றித்தான்! அதற்கு முன் அங்கீகாரம் பெற்றிருந்த 4 விடுதித் திட்டங்கள், 18 மீட்டர் என்ற உயர வரம்பைத் தாண்டி எழவிருந்தன. யுனெஸ்கோ கவலை தெரிவித்தது, 2009இல் நிபுணர் வந்து பார்த்தார். கடைசியில் மையப் பகுதிக்குள் எழவிருந்தவற்றின் உயரம் குறைக்கப்பட்டது.

கட்டடத்தின் உயரத்தை அளக்க ஒரு நாடா போதும். ஆனால், வீடு விடுதியாக மாறுவதை எந்த நாடாவால் அளப்பது? கடைவீடுகள் ஒவ்வொன்றாகச் சிறு விடுதிகளாயின. முகப்பு பழையது, ஓடு பழையது, சாயம் புதியது. உள்ளே இருந்த குடும்பம் மட்டும் இல்லை. மையப் பகுதியில் குடியிருப்போர் தொகை குறைந்து வந்ததை 2009க்குப் பிந்திய கணக்கெடுப்புகள் காட்டின. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இதன் விலை தெரிந்தது. விருந்தாளி இல்லை, விடுதி மூடியது, தெருவே இருண்டது. குடியிருப்போர் இருந்த தெருவில் மளிகைக் கடையாவது திறந்திருந்தது.

அப்படியானால் எங்கே கட்டலாம்?

விடுதியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வேலையும் வருமானமும் ஊருக்குத் தேவை. ஆனால், அனுமதி கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வருபவர் யார்? எந்த வாசல் வழியாக வருகிறார்? அந்த இடத்தில் இப்போது வாழ்பவர் யார்? சார்க்கீஸ் சகோதரர்கள் முதலிரண்டு கேள்விகளுக்கும் பதில் கண்டார்கள். மூன்றாவது கேள்விதான் நமக்கு மிச்சம்.

தொழிற்சாலை வேலையாக வருபவர் பாயான் லெப்பாசுக்கும், இரண்டாவது பாலம் 2014இல் திறந்த பிறகு வளர்ந்த பத்து காவானுக்கும் போகிறார். அவருக்கான விடுதி விமான நிலையத்தின் பக்கமும் பத்து காவானிலும் இருப்பதே முறை. காலையும் மாலையும் அவரை நெரிசலில் நிறுத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

சுமத்திராவிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் இன்னொரு கூட்டம். பினாங்கின் தனியார் மருத்துவமனைகளை நம்பி அவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு நீச்சல் குளம் வேண்டாம். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில், கஞ்சி வைக்க ஓர் அடுப்போடு, கட்டுப்படியாகும் வாடகையில் ஓர் அறை வேண்டும்.

மூன்றாவது வாசல் பட்டர்வொர்த். மின்சார ரயில் 2015 முதல் அங்கே வருகிறது. 2018இல் பினாங்கு சென்ட்ரல் திறந்தது. ஃபெரியில் ஏறினால் நேரே பழைய நகரத்தின் வாசலில் இறங்கலாம். 2025இல் வேலை தொடங்கிய இலகு ரயில் தடமும் கடலைத் தாண்டி அங்கே போகத் திட்டமிடப்பட்டுள்ளது. நூறாண்டுக்கு முன் ரயில் பயணி அக்கரையில் இறங்கி இக்கரையில் தங்கினார். இன்று அக்கரையிலேயே தங்கி இக்கரையைப் பார்த்துவிட்டுப் போகலாம். பெரிய விடுதிகளுக்கு இடமும் அங்கே உண்டு, அந்த வருமானம் பெருநிலத்து மக்களுக்கும் போய்ச் சேரும்.

பழைய நகரத்துக்குள்? லீத் தெருவின் சியோங் ஃபாட் சே மாளிகை நல்ல முன்மாதிரி. சிதைந்து கிடந்த மாளிகையைச் சீராக்கி, அதைக் காப்பாற்றும் செலவுக்காகவே விடுதியாகவும் நடத்துகிறார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் அதற்குக் கிடைத்தது. பாழடைந்த கட்டடத்துக்கு விடுதி உயிர் தருமானால் வரவேற்கலாம். குடும்பம் வாழும் வரிசை வீட்டைக் காலி செய்துதான் விடுதி வர வேண்டுமென்றால் வேண்டாம் என்று சொல்லத் துணிய வேண்டும்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. மூன்று நாள் தங்கப் போகிறவருக்காக முப்பது ஆண்டு வாழ்ந்தவரை எழுப்பி அனுப்புவது நியாயமா? தைப்பூசத்தின்போது பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. வழியெங்கும் வாசலில் தட்டேந்தி நிற்கவும் தேங்காய் உடைக்கவும் ஆள் வேண்டும். சுற்றுப்பயணி அதைப் படம் பிடிப்பார். ஆனால், அர்ச்சனைத் தட்டை ஏந்த ஊர்க்காரர்தான் வர வேண்டும். அந்தக் காட்சியைப் பார்க்கத்தானே அவரும் விமானம் ஏறி வருகிறார்?

நேயர்களே, ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டலுக்குப் பயணிகளைக் கொண்டு வந்த கப்பல்கள் போய்விட்டன, கட்டடம் நிற்கிறது. இன்று போடும் அடித்தளத்தை நம் பேரப்பிள்ளைகளும் சுமப்பார்கள். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு உரிமை உண்டு. பினாங்கோ, ஈப்போவோ, தைப்பிங்கோ, உங்கள் ஊரின் வரைவு காட்சிக்கு வரும்போது நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கருத்தை எழுதிக் கொடுங்கள். கட்டி முடித்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.