உயர்தரத்தில் உளவியல் ஏன் இல்லை?

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இப்போது அடிக்கடி வருகிறது: "சேர், மகள் சைக்கோலொஜி படிக்க விரும்புறா. ஏ.எல்.லுக்கு எடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, இதன் வரலாற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நேரடிப் பதில். அரசாங்கப் பாடசாலைகளின் உயர்தரக் கலைப்பிரிவில் உளவியல் என்றொரு பாடம் இல்லை. அதற்குக் கிட்டிய பாடம் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்'. ஆனால் சரியாகச் சிந்திப்பது எப்படி என்பதுதான் அதன் விடயம். மனிதன் உண்மையில் எப்படிச் சிந்திக்கிறான், ஏன் மறக்கிறான், ஏன் பயப்படுகிறான் என்பது அதில் வராது.

ஏன் இப்படி ஆனது?

மனதைப் பற்றிய அறிவு புதிதல்ல. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். பயம், கோபம், கவலை ஆகியவற்றுக்கு அதில் தனித்தனி விளக்கங்கள் உண்டு. ஆனால் பரிசோதனை செய்து பார்க்கும் தனி விஞ்ஞானமாக உளவியல் உருவானது பிற்காலத்தில்தான். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வுகூடம் அமைத்ததையே அதன் தொடக்கமாகச் சொல்வார்கள்.

அந்த விஞ்ஞானம் பாடசாலைக்குள் வந்த வழியைக் கவனியுங்கள். 1899இல் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ், ஆசிரியர்களுக்கு உளவியலைப் பற்றி ஆற்றிய உரைகளை நூலாக வெளியிட்டார். அதாவது, அது முதலில் ஆசிரியரின் கைக்கே வந்தது. நம் நாட்டிலும் இதே கதைதான். ஆசிரியர் கலாசாலையிலும் கல்வியியற் கல்லூரியிலும் நாம் எல்லோரும் 'கல்வி உளவியல்' படித்தோம். பவ்லோவின் நாய், தோர்ண்டைக்கின் பூனை, பியாஜேயின் வளர்ச்சிப் படிகள் எல்லாம் நமக்குப் பாடம். யாருடைய மனதைப் பற்றிப் படித்தோமோ, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பாடமாகவில்லை.

மற்ற நாடுகளில் இந்த இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்தது. இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இலும் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924இலும் உளவியலுக்குத் துறை தொடங்கின. இன்று அங்கே மத்திய பாடத்திட்டத்தில் 11ஆம், 12ஆம் வகுப்பு மாணவர்கள் அதைத் தெரிவு செய்யலாம். இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சையில் 1970களிலேயே உளவியல் இருந்தது. இங்கோ பேராதனையில்கூட உளவியல் நெடுங்காலம் மெய்யியல் துறைக்குள்ளேயே கற்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்திலேயே தனித்து நிற்காத பாடம் பாடசாலைக்கு இறங்கி வரவில்லை என்பதில் வியப்பில்லை.

இன்று இலங்கைப் பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, லண்டன் ஏ.எல். அதில் ஞாபகம், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல், கற்றல் என்று முறையாகவே படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில், கட்டணம் செலுத்திப் படிப்பது. மற்றது, 2017இல் 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தோடு வந்த தொழிற்பிரிவு. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் அதில் தொடரலாம். அதிலே 'சிறுவர் உளவியலும் பராமரிப்பும்' ஒரு பாடம்.

யோசித்துப் பாருங்கள். வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு வாசல். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைக்கு ஒரு வாசல். நடுவே, தமிழ்மொழி மூலம் கலைப்பிரிவில் படிக்கும் நம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதுவுமில்லை.

இதனால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நுகேகொடை டியூஷன் மண்டபங்களைப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். ஒரே மூச்சில் படிப்பதை விட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நினைவில் தங்கும் என்பதை ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டார். அந்த எளிய உண்மையைப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு நாம் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்னொன்று: மனம் சோர்ந்த ஒருவரைப் பார்த்து, "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று சிரிக்கிறோமே, அந்தப் பழக்கம் அறியாமையில் பிறந்தது. பதினாறு பதினேழு வயதில் மனதைப் பற்றி ஒழுங்காகப் படித்த தலைமுறை அப்படிச் சிரிக்கத் தயங்கும்.

இப்போது செய்யக்கூடியவை சில. உயர்தரத்தில் பாடம் இல்லாததால் பாதை மூடிவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கலைப்பீடத்துக்குத் தெரிவாகிப் பேராதனையில் உளவியல் கற்கலாம். நுகேகொடை, நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். பாடம் தெரியும்போது அளவையியலை யோசியுங்கள், ஆங்கிலத்தையும் விடாதீர்கள். தொழிற்பிரிவில் சிறுவர் உளவியல் படிக்கும் பிள்ளையை, "ஃபெயிலானவன் படிக்கிற பாடம்" என்று தாழ்த்திப் பேசாதீர்கள். கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்றை அந்தப் பிள்ளை படிக்கிறது.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெற்றோராவது எழுந்து, "தமிழ்மொழி மூலம் உளவியல் எப்போது வரும்?" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் ஒருநாள் வரும், இன்ஷா அல்லாஹ்.