குடியேறி வந்து சபையேறியவர்: கோ. நடேசய்யர்

இலங்கையின் சட்டசபைகளில் அமர்ந்தவர்களுள் இம்மண்ணில் பிறவாதோரும் இருந்தனர். அவர்களுள் முதலில் நினைவுகூரத்தக்கவர் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டளவில் கொழும்பைத் தமது களமாக்கிக் கொண்டார்.

அக்காலத்துப் பெருந்தோட்டங்கள் துரைமாரின் தனி இராச்சியங்கள். வெளியார் உட்புகுந்தால் அத்துமீறல் வழக்குத்தான். ஆதலால் நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று, லயங்களின் நிலையைக் கண்டறிந்தார். கண்டதைத் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளில் எழுதினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் மத்தியில் பாட்டுப் பாடியே பிரசாரம் செய்தார்.

1925இல் இடைத்தேர்தலொன்றின் மூலம் நடேசய்யர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அந்த இடைத்தேர்தல் ஏன் வந்தது என்பதுதான் நம்மவர் கவனிக்க வேண்டியது. இந்தியருக்கென இருந்த இரு ஆசனங்களுள் ஒன்றை வகித்த முகம்மது சுல்தான் என்பவர் காலமானதால் வெற்றிடமான ஆசனம் அது. ஆக, இந்திய வம்சாவளியினரின் பிரதிநிதியாக நடேசய்யருக்கு முன் அங்கு அமர்ந்திருந்தவர் ஒரு முஸ்லிம்.

அன்றைய வாக்குரிமை படிப்பும் வருமானமும் உள்ளோருக்கே உரியதாக இருந்தது. எந்தக் கூலியாளுக்காக நடேசய்யர் சபையில் வாதாடினாரோ, அவனிடம் பெரும்பாலும் வாக்கு இருக்கவில்லை. 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. இந்தியத் தொழிலாளருக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்ட போதிலும், கணிசமானோர் வாக்காளராயினர். அதே ஆண்டில் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார். 1936இல் ஹற்றன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். முன்பு வாக்கில்லாதோருக்காகப் பேசியவர், இப்போது அவர்களது வாக்காலேயே பேசினார். இரண்டு வெற்றிகளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டையே அவரது வாழ்வின் சாரமாக நான் கொள்கிறேன்.

1947இல் கூடிய முதலாவது பாராளுமன்றத்தில் அவர் இடம்பெறவில்லை. அவ்வாண்டிலேயே காலமானார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்கும் பறிபோனது. எஞ்சியோரின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இது மலையகத்தாரின் கதை மட்டுமல்ல. குடிசன மதிப்பீடுகள் நம்மை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என இரண்டாகப் பிரித்தே எண்ணின. 1915 கலவரத்தில் முதலில் குறிவைக்கப்பட்டவர்கள் கரையோர இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வர்த்தகர்களே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. நாமோ அரபு வணிகரின் வழித்தோன்றல்கள் என்று சொல்வதில் காட்டும் உற்சாகத்தை, காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தோணியேறி வந்தவர்களைப் பற்றிச் சொல்வதில் காட்டுவதில்லை.

நடேசய்யரின் வரலாற்றை எழுத மலையகத்தில் ஒரு சாரல்நாடன் இருந்தார். முகம்மது சுல்தானின் வரலாற்றை யார் எழுதுவது? அந்தப் பணி இவ்விதழின் வாசகர்களாகிய நம்முடையதே.