பதினெட்டு என்னும் வரம்பு: தமிழ்நாட்டில் பால்புதுமை இளையோர்க்கான ஆதரவுப் பணிகளின் வரலாறு

யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகமும் சென்னை சகோதரன் அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வொன்று 2019இல் வெளியானது. பாலின அடையாளத்தாலோ பாலீர்ப்பாலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட 371 இளையோர், தங்கள் பள்ளி நாட்களை நினைவுகூர்ந்து சொன்னவற்றின் தொகுப்பு அது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டவர்கள் 60 விழுக்காடு. தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்கள் 43 விழுக்காடு. நிர்வாகத்திடம் போய்ச் சொன்னவர்களோ 18 விழுக்காடுதான். படிப்பை நிறுத்தியதில் இந்தக் கொடுமைக்குப் பங்குண்டு என்றவர்கள் மூன்றில் ஒருவர்.

இந்த எண்களை அதிர்ச்சிக்காக மேற்கோள் காட்டுவதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். வேறொரு கேள்வியை எழுப்பவும் அவை உதவும். கொடுமை நடப்பது பத்து வயதிலிருந்து பதினேழு வரை. ஆனால் இந்த மாநிலத்தில் கடந்த முப்பதாண்டுகளில் உருவான ஆதரவு அமைப்புகள், நலத்திட்டங்கள், காப்பகங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை பதினெட்டு வயதுக்குப் பிறகே ஒருவரை ஏற்கின்றன. இது யாரோ ஒரு அதிகாரியின் கவனக்குறைவால் வந்ததல்ல. நோய்த்தடுப்பு, தன்னார்வம், அரசாணை, நீதிமன்றம் என ஆதரவு எந்தெந்த வழியாக வந்ததோ, அந்தந்த வழியின் இயல்பே இந்த வரம்பையும் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜமாத்

அரசும் தொண்டு நிறுவனமும் வருவதற்கு வெகு காலம் முன்பே, வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சோறும் கூரையும் கொடுத்தது திருநங்கையரின் ஜமாத்துதான். குருவுக்குச் சேலா, குருவின் குருவுக்கு நாத்தி என்று அது ஓர் உறவுமுறையையே கட்டியெழுப்பியிருந்தது. நாமக்கல் வட்டாரத்திலிருந்து பதின்வயதில் தில்லிக்குப் போன திருநங்கை எழுத்தாளர் ரேவதி, பின்னாளில் பெங்களூரு சங்கமா அமைப்பில் பணியாற்றியபோது தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ 2005இல் வந்தது. அந்தத் தலைமுறையின் வாழ்க்கைகளை அச்சில் அறிய நமக்குக் கிடைத்த முதன்மையான ஆவணங்களுள் அது ஒன்று. சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் தனியாக வந்து, தன்னைப் போன்றவர்கள் இத்தனை பேரா என்று வியந்து, யாரேனும் ஒருவரோடு சேர்ந்து புறப்பட்டுப் போன சிறுவர்கள் பலர்.

இந்த அமைப்பை வானளாவப் புகழ்வதும் வேண்டாம், குற்றக்கூடாரமாகச் சித்தரிப்பதும் வேண்டாம். கடைகளில் காசு கேட்டோ பாலியல் தொழில் செய்தோ ஈட்டியதில் குருவுக்குப் பங்கு உண்டு. கட்டுப்பாட்டை மீறினால் அபராதமும் உண்டு. அதே குருதான் காய்ச்சலில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முக்கியமான செய்தி வேறு: நமக்குத் தெரிந்த எல்லா ஆதரவு வடிவங்களிலும், வயதைக் கேட்காமல் உள்ளே விட்டது இது ஒன்றுதான். ஆனால் பாலினத்தை அது கேட்டது. பெண்ணை விரும்பிய பெண்ணுக்கும், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ முயன்ற திருநம்பிக்கும், ஆணாகவே இருந்து ஆணை விரும்பிய பையனுக்கும் அங்கே இடமில்லை.

நோயின் வழியே வந்த பணம்

1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. தொற்றைத் தடுக்க வேண்டுமானால் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைச் சென்றடைய வேண்டும், அவர்களைச் சென்றடைய அவர்களிலேயே சிலரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பொதுச் சுகாதாரத் துறை கற்றுக்கொண்ட பாடம். 1998இல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் இந்தச் சூழலில் பிறந்தது.

இத்தகைய அமைப்புகளின் டிராப்-இன் சென்டர்கள், கோத்திகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்களுக்கு நகரில் கிடைத்த முதல் பொது அறைகள் எனலாம். கண்ணாடி முன் நின்று அலங்கரித்துக்கொள்ள, ஆட, வீட்டில் நடந்ததைச் சொல்லி அழ, போலீஸ் பிடித்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்று தெரிந்துகொள்ள ஓர் இடம். நிதி கொடுத்தவர்களின் பதிவேட்டில் இவற்றுக்கெல்லாம் பத்தி கிடையாது. ஆணுறை எத்தனை, பரிசோதனைக்கு அனுப்பியவர் எத்தனை என்பதே கணக்கு. ஆனாலும் கணக்கில் வராத வேலைதான் வந்தவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்தது என்று நான் நினைக்கிறேன். ஆணுறை வாங்க யாரும் வாரந்தோறும் பஸ் ஏறி வர மாட்டார்கள்.

இந்த வழியின் விலை இரண்டு. தொற்று ஆபத்துப் பட்டியலில் பெண்ணை விரும்பும் பெண்கள் இல்லாததால் அவர்களுக்குப் பணமும் இல்லை, அறையும் இல்லை. இரண்டாவது, வயது. 2001 ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் நால்வர், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பெயரால் கைது செய்யப்பட்டு நாற்பது நாட்களுக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள். பெரியவர்களிடையே வேலை செய்ததற்கே இந்தக் கதி என்றால், பதினாறு வயதுப் பையனை உள்ளே உட்கார வைத்துப் பேசினால் என்ன ஆகும்? அந்த அச்சத்துக்குப் போதிய காரணம் இருந்தது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவரைத் திருப்பி அனுப்புவது இப்படித்தான் எழுதப்படாத விதியாக நிலைபெற்றது.

தன்னார்வக் குழுக்கள்

2003இல் சென்னையில் உருவாகி, பின்னர் ஓரினம் என்ற பெயரில் அறியப்பட்ட குழு வேறு வகை. பதிவு செய்யப்படாதது; சம்பளமில்லாத தன்னார்வலர்களால் நடப்பது. நிதி இல்லாததால் நிதியின் நிபந்தனையும் இல்லை. நட்புக் கூட்டங்கள், நெருக்கடியில் அழைப்போர்க்குத் துணை, தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுபவ எழுத்து என்று அது விரிந்தது. பெற்றோரைப் பேச அழைத்ததுதான் இதன் புதிய பங்களிப்பு என்பேன். மகன் அல்லது மகள் சொன்னதைக் கேட்டு இடிந்துபோன தாய்க்கு மருத்துவர் சொல்வதைவிட, அதே இடியைத் தாங்கிய இன்னொரு தாய் சொல்வது உள்ளே இறங்கும். ஜமாத் வீட்டுக்கு மாற்றாக நின்றது. டிராப்-இன் சென்டர் வீட்டுக்குத் தெரியாமல் நடந்தது. இங்கேதான் முதன்முறையாக வீட்டைத் திருத்தும் முயற்சி ஒரு பணியாக வடிவம் பெற்றது.

2009 ஜூன் 28 அன்று மெரினாவில் முதல் வானவில் பேரணி நடந்தது. நான்கே நாளில், ஜூலை 2 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் நாஸ் வழக்கில் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அந்தத் துணிச்சலில் பல முயற்சிகள் முளைத்தன. சென்னைக்கு வெளியே குறிப்பிடத்தக்கது மதுரை: 2011இல் கோபி ஷங்கர் தொடங்கிய சிருஷ்டி மதுரை, கல்லூரி மாணவர்களே தங்களுக்காக நடத்திய அமைப்பு. 2012 ஜூலையில் கணிதவியலர் ஆலன் டூரிங் பெயரில் அவர்கள் வானவில் விழாவும் எடுத்தார்கள். தலைநகரின் ஆங்கிலம் பேசும் வட்டத்தைத் தாண்டி இந்தப் பேச்சு போகாது என்று நம்பியவர்களுக்கு அது நல்ல பதில். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் நாஸ் தீர்ப்பை ரத்து செய்தபோது இக்குழுக்கள் கலைந்துவிடவில்லை. வயது வந்தோரின் சம்மத உறவை அந்தப் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றமே விலக்கிய 2018 செப்டம்பர் 6 வரை காத்திருந்தன.

அதற்குள் வேறொரு சட்டம் வந்திருந்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ, சம்மத வயதைப் பதினெட்டாக்கியதோடு, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதையே தண்டனைக்குரியதாக்கியது. குழந்தைகளைக் காக்க அவசியமான சட்டம், ஐயமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் வயதொத்த தோழியோடான காதலைத் தன்னார்வலரிடம் மனம்விட்டுச் சொன்னால், கேட்டவர் நண்பராக இருப்பதா, புகார்தாரராக மாறுவதா? பல குழுக்கள் இந்தச் சிக்கலுக்குள் போகாமல், பதினெட்டு நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று கூட்ட அறிவிப்பிலேயே எழுதிவிட்டன. எழுதப்படாத விதி எழுதப்பட்ட விதியானது.

அரசாணையில் மாணவர்

அரசின் பங்கைப் பேசும்போது 2008 ஏப்ரல் 15 அன்று அமைந்த அரவாணிகள் நல வாரியத்தையே எல்லோரும் சொல்வார்கள். நாட்டிலேயே முதல் வாரியம்; அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை, கடனுதவி, வீடு என்று அது செய்தவை கொஞ்சமல்ல. ஆயினும் அதன் பயனாளி வயது வந்தவர். அதுவும் தொடக்கத்தில் பெரும்பாலும் திருநங்கை.

எனக்கு அதைவிடச் சுவையான ஆவணம் 2006 டிசம்பரில் சமூக நலத்துறை பிறப்பித்த ஆணை. பாலின அடையாளத்தைக் காட்டிப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும், பிள்ளையை வீட்டார் துரத்திவிடாமலிருக்க ஆலோசனை தரப்பட வேண்டும் என்றும் அது பேசியது. பிரச்சினை தொடங்கும் இடத்தை அரசு அன்றே சரியாகச் சுட்டிவிட்டது. அதன் பின் வந்த வாரியமோ, பிரச்சினை முற்றிய பிறகு வருபவர்க்கான அலுவலகமாக அமைந்தது. அட்டையை எண்ணிக் கணக்குக் காட்டலாம். வீட்டை விட்டுப் போகாமலிருந்த பிள்ளையை எந்தப் பதிவேட்டில் எண்ணுவது?

குழந்தையையே நேரடியாகக் காத்த நடவடிக்கை ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பாலினச் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பாலுறுப்பைத் ‘திருத்தும்’ அறுவைச் சிகிச்சை செய்யத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு தடை விதித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே விலக்கு.

2021

மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, தொண்டு அமைப்புகளின் உதவியோடு தங்கினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. இருவரும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவில்லை. தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்து, அதன் பிறகு 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார்.

உத்தரவு சொன்னவை இவை: சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தோர் என்று தெரிந்தால் காணாமற்போன புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும். உதவும் அமைப்புகளின் பட்டியலை வெளியிட வேண்டும். குறுகிய காலம் தங்க இடம் வேண்டும். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’ கூடாது. பள்ளி, கல்லூரிகளில் புரிதலுள்ள ஆலோசகர் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே பெற்றோர்க்கு விளக்க வேண்டும். இதைத் தொடர்ந்து, இச்சமூகத்தாரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்பது காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியாக 2022இல் சேர்ந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. கடைசி இரண்டின் கதி வேறு. 2021 நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. நீதிபதி அதைக் கண்டித்தார். போலீஸுக்கும் மருத்துவருக்கும் விதி எழுத முடிந்த அரசு, வகுப்பறை வாசலுக்கு வந்ததும் தயங்கியது.

இன்றைய நிலை

இன்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை வீட்டில் அடி வாங்கி இரவோடு இரவாக வெளியேறினால் என்ன நடக்கும்? 2020இல் மத்திய அரசு தொடங்கிய கரிமா கிருகக் காப்பகங்கள் பதினெட்டு நிரம்பிய திருநர்க்கே. யாராவது அடைக்கலம் கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீஸுக்கோ தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு முதலில் அழைப்பது பெற்றோரை. 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் 12ஆம் பிரிவும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: நீதிமன்ற உத்தரவின்றிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது; வீட்டார் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். நண்பர் வீடு, குரு, ஆசிரியர் என்ற மூன்றாவது வழி அந்தப் பிரிவில் இல்லை.

2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை விடுவித்தபோது, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை ஏற்றார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வயது 25. அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட திருநர் கொள்கை கல்வியையும் பேசுகிறது; பெண்ணை விரும்பும் பள்ளி மாணவியும் ஆணை விரும்பும் மாணவனும் அதன் வரம்புக்குள் வரவில்லை. 2021 உத்தரவு கேட்ட பள்ளி ஆலோசகரும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டமும், 2006 ஆணை சொன்ன வீட்டார்க்கான ஆலோசனையும் ஒரே வேலைதான். பதினைந்தாண்டு இடைவெளியில் இருமுறை உத்தரவான அந்த வேலைக்குத் தனிக் காப்பகம் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கையும், பயிற்சி பெற்ற ஆலோசகருக்கு ஒரு சம்பளப் பணியிடமும் போதும்.