தந்தையின் கப்பலும் மைந்தனின் நினைவும்

ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே, மரே குடாவின் கரையில் குரோமாட்டி என்னும் சிற்றூர் உளது. 1807ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவ்வூர்க் கப்பற்றலைவர் ஒருவர் தமது பாய்க்கப்பலோடு புயலில் மறைந்தார். அவருடைய மகன் ஹியூ மில்லருக்கு அப்பொழுது வயது ஐந்து. ஊரார் நம்பிக்கை இழந்த பின்னரும், அச்சிறுவன் வீட்டின் பின்புறத்துப் புல்மேட்டில் நாள்தோறும் ஏறி நின்று, இரண்டு வெண்கோடுகள் தீட்டிய தந்தையின் கப்பலைக் கடலிலே தேடினான். கப்பல் வரவேயில்லை. 1854இல் மில்லர் தம் இளமை வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, அவ்வெண்கோடுகளையும் மறவாது குறித்தார்.

அக்கப்பலுக்கு நிழற்படம் இல்லை. அக்காலத்தில் அக்கலையே தோன்றவில்லை. தாளிலே படம் பதிக்கும் கலோரைப் முறைக்குத் தால்போட் என்பார் 1841இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை ஸ்கொட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, 1843இல் எடின்பரோ நகரில் ஓவியர் டேவிட் ஒக்டேவியஸ் ஹில்லும், இளைஞர் ரொபேட் அடம்சனும் இணைந்து தடையின்றி அக்கலையிற் புகுந்தனர். அவ்வாண்டிலே ஸ்கொட்லாந்துத் திருச்சபை பிளவுற்றது. பிரிந்து சென்ற குருமாரை ஒரு பெரும் ஓவியத்தில் தீட்ட விரும்பிய ஹில், அவர்தம் முகங்களை முதலில் நிழற்படமாக எடுத்துக்கொண்டார்.

அப்பிரிவினரை ஆதரித்த 'விட்னஸ்' பத்திரிகையின் ஆசிரியராக மில்லர் அந்நாளில் விளங்கினார். ஆயினும், அவரை எடுத்த படத்தில் எழுதுகோல் இல்லை. சட்டைக் கையை மடித்து, கல்லருகே சுத்தியலுடன் நிற்கும் கற்றச்சராகவே அவர் காட்சி தருகின்றார். பதினேழாம் வயதிற் கற்ற தொழிலை அவர் மறைக்க விரும்பவில்லை போலும்.

பின்னர் அவ்விருவரும் எடின்பரோவை அடுத்த நியூஹேவன் மீனவர் ஊருக்குக் கமராவைக் கொண்டுசென்றனர். அங்கு ஆடவர் கடலிற் சென்று மீன் பிடிப்பர். பெண்டிர் பாரமான கூடைகளை முதுகிற் சுமந்து நகருக்கு நடந்து விற்பர். படம் பதிய வெயிலும் நேரமும் வேண்டும். அதுவரை அசைதல் ஆகாது. ஆதலின், கடலோடும் வள்ளத்தை அப்படங்களிற் காண்பதற்கில்லை. கரையேற்றிய வள்ளத்திற் சாய்ந்த ஆடவரும், கூடையருகே அமர்ந்த பெண்டிருமே காணப்படுகின்றனர்.

அவற்றுள் ஒரு படத்திலே சிறுவன் ஒருவன் தன் உடலுக்குப் பெரிதான காற்சட்டை அணிந்து நிற்கின்றான். 'தந்தையின் காற்சட்டை' என்னும் பொருள்படும் பெயரால் அப்படம் அறியப்படுகின்றது. அத்தந்தை கரையில் இருந்தாரா, கடலில் இருந்தாரா, கடலோடு போய்விட்டாரா? படம் அதனைச் சொல்லவில்லை.

நிழற்படம் முகத்தைக் காக்கும். அம்முகத்திற்கு உரிய கதையை அறிந்தவர் சொன்னாலன்றி அது பேசாது. மில்லரின் நினைவுக்கோ படம் இல்லை. எனினும், அச்சிறுவனின் துயர் இன்றும் படிப்போர் நெஞ்சைத் தொடுகின்றது.

அடம்சன் 1848இல், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். ஹில்லின் ஓவியம் 1866இலேதான் நிறைவெய்தியது. நியூஹேவன் படங்களிற் சிலருடைய பெயர்கள் நிலைத்தன. பலருடைய பெயர்கள் மறைந்தன. பழைய படமொன்று வீட்டில் இருக்குமாயின், அதிலுள்ளோரை அறிந்த முதியவர் வாழுங்காலத்திலேயே கேட்டு, பெயரையும் ஊரையும் அதன் பின்புறத்தில் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வொரு வரி இல்லாதவிடத்துப் பேரனுக்குப் பாட்டனும் அந்நியராகிவிடுவார்.