அர்த்த மண்டபத்து வாசப்படி

ராஜபாளையத்துல பஸ் ஏறினா ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம்கூட இல்லை. நான் லீவுக்கு வந்தா வீட்டுல ரெண்டு வேலை கொடுப்பாங்க: ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வா, வரும்போது பால்கோவா வாங்கிட்டு வா. அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் எங்க கோபுரம்தான்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. மதுரைக்காரங்க கேட்டா சண்டைக்கு வருவாங்க, அது வேற எபிசோட்.

2024 டிசம்பர் 15, மார்கழி பிறக்கிறதுக்கு முந்தின நாள். தன்னோட ‘திவ்ய பாசுரம்’ நிகழ்ச்சிக்காக இளையராஜா இந்தக் கோயிலுக்கு வந்தாரு. ஜீயர்களோட சேர்ந்து அர்த்த மண்டபத்துக்குள்ள கால் வைக்கும்போது, அங்கே வரக்கூடாதுன்னு சொன்னாங்க. அவர் வெளியே வந்து நின்னாரு. வீடியோ பரவிச்சு. அர்ச்சகர்கள், ஜீயர்கள் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லைன்னு நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. தான் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, வதந்தியை நம்பாதீங்கன்னு மறுநாள் இளையராஜாவே சொல்லிட்டாரு.

அன்னிக்கு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரிய சண்டை. சித்தப்பா ஒரே வரில முடிச்சாரு: “அங்க என்னையும்தான்டா விடமாட்டாங்க.” அவர் சொன்னது உண்மை. ஆனா அந்த வரி எனக்கு முள்ளு மாதிரி குத்திட்டே இருந்தது. நிறைய வாசிச்சேன். இந்த எபிசோட் அதிலிருந்து வந்ததுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி சண்டை அர்த்த மண்டபத்துல இல்லை. கோபுர வாசல்லயே இருந்தது. அருப்புக்கோட்டை தாண்டினா கமுதி வரும். 1897 மே மாசம் அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள்ள நாடார்கள் சிலர் போய்க் கும்பிட்டாங்க. ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டாரு. கோயில் தீட்டுப்பட்டிருச்சு, சுத்தி பண்ற செலவைக் கொடுங்கன்னு அவங்க மேலேயே வழக்கு! அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1908-ல தீர்ப்பு: நாடார்கள் தோத்தாங்க. பழைய வழக்கம் எதுவோ அதுதான் சட்டம்னு ஆயிருச்சு. நடுவுல 1899 ஜூன்ல சிவகாசியைப் பெரிய கும்பல் ஒண்ணு தாக்கினது. அந்தக் கலவரத்துக்கும் பின்னாடி இருந்தது கோயில் வாசல் பிரச்சினைதான்.

நாடார்களோட போராட்டம் ‘எல்லாருக்கும் திற’ன்னு சொன்ன போராட்டம் இல்லை. ‘எங்களுக்குத் திற’ என்பதுதான் அவங்க கோரிக்கை. அவங்களுக்கும் கீழேன்னு வைக்கப்பட்டவங்களைப் பத்தின பேச்சே அந்த வழக்குல இல்லை. நம்ம ஊர் சீர்திருத்தக் கதைகள்ல இது அடிக்கடி நடக்கும். சொல்லாம விட்டா நேர்மை இல்லை.

1934 ஜனவரியில காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமா தெற்கே வந்தாரு, ராஜபாளையத்துக்கும்தான். இங்கே அவருக்கு இருந்த பெரிய பலம் பி.எஸ். குமாரசாமி ராஜா. பின்னாடி தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அந்தப் பயணத்துல மதுரைக்கும் போன காந்தி மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள போகலை. எல்லாருக்கும் திறக்காத கோயிலுக்குள்ள எனக்கு என்ன வேலைன்னு இருந்தவர் அவர். 1946-லதான் உள்ளே போனாரு. ஏன்னா நடுவுல 1939 வந்துருச்சு.

1939 ஜூலை 8. வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்கள் ஐந்து பேரையும், விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரையும் கூட்டிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள நடந்தாரு. அந்த ஐந்து பேர்ல பின்னாடி அமைச்சரான கக்கனும் ஒருத்தர். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றாரு. பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு 31 வருஷம் கழிச்சு ஒரு நாடார் கோயிலுக்குள்ள நடக்கிறாரு, அதுவும் தலித்துகளோட சேர்ந்து. 1908 தீர்ப்பைப் படிச்சிட்டு இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது.

அன்னிக்குத் தேதிக்கு இதை அனுமதிக்கிற சட்டமே மதுரையில கிடையாது. வழக்கம்தான் சட்டம்னா, நாயுடு மேலேயும் ஐயர் மேலேயும் கேஸ் போடலாம். அதனால ராஜாஜி அரசு அவசரமா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கோயிலைத் திறந்துவிட்டவங்க மேல வழக்குப் போட முடியாதுன்னு பாதுகாப்பு கொடுக்கிற சட்டம். ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன்ல நேரா ஃபிக்ஸ் போட்டுட்டு, காலையில அப்ரூவல் டிக்கெட் ஓப்பன் பண்ணுவோமே, கிட்டத்தட்ட அது. எதிர்த்த பட்டர்கள் சிலர், மீனாட்சி கோயிலை விட்டுப் போயிட்டாள்னு சொல்லி தமிழ்ச் சங்கம் ரோட்டுல ஒரு பங்களாவில தனியா பூஜை நடத்தினாங்க. 1945 வரைக்கும்!

1939 சட்டத்துல ஒரு ஓட்டை இருந்தது. கும்பிட வர்றவங்க பொதுவா எதிர்க்கலைன்னு அறங்காவலர் நினைச்சாதான் திறக்கலாம். 1947 ஆலயப் பிரவேசச் சட்டம்தான் அதை எல்லா இந்துக்களுக்கும் உரிமையா மாத்தினது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுர வாசலுக்கும் அதேதான்.

இதோட சேர்த்து இன்னொரு சட்டத்தையும் பாக்கணும். 1949-ல நம்ம குமாரசாமி ராஜா முதல்வர் ஆனாரு. 1950-ல அவர் அரசு கோயில்கள்ல ஆடு, கோழி பலியைத் தடை பண்ணிச்சு. எங்க குலசாமி கோயில்ல நான் பாத்த கிடாவெட்டெல்லாம் அந்தச் சட்டம் புத்தகத்துல இருந்தப்போ நடந்ததுதான்! 2003-ல கண்டிப்பா அமல்படுத்தச் சொன்னாங்க, எதிர்ப்பு வந்தது, 2004-ல சட்டத்தையே எடுத்துட்டாங்க. ரெண்டு சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? கோயில் நுழைவுச் சட்டத்துக்கு முன்னாடி உதை வாங்கத் தயாரா ஆட்கள் நடந்திருந்தாங்க. பலித் தடைச் சட்டத்தைக் கிராமத்துல யாரும் கேக்கவே இல்லை.

இப்போ சித்தப்பாவோட வரிக்கு வர்றேன். “என்னையும்தான் விடமாட்டாங்க.” சரி சித்தப்பா, யாரை விடுவாங்க? அர்ச்சகரை. யார் அர்ச்சகர் ஆகலாம்? 1971-ல தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையைச் சட்டம் போட்டு எடுத்தது. 1972-ல சேஷம்மாள் வழக்குல உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஒத்துக்கிட்டது, ஆனா நியமனம் ஆகமப்படிதான் இருக்கணும்னு சொல்லிருச்சு. 2006-ல எல்லா சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம்னு அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு. பயிற்சி முடிச்சவங்க வருஷக்கணக்கா வேலைக்குக் காத்துட்டு இருந்தாங்க. 2021 ஆகஸ்ட் 14 அன்னிக்கு 24 பேருக்கு ஒரே நாள்ல நியமன ஆணை கிடைச்சது. அந்த 24 பேருக்குப் பின்னாடியும் வழக்குகள் ஓடிட்டுத்தான் இருக்கு.

அர்த்த மண்டப விதி இளையராஜாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒண்ணுதான், ஒத்துக்கிறேன். ஆனா படியைத் தாண்டி உள்ளே நிக்கிற அந்த நாலு பேர் யாருன்னு தீர்மானிக்கிற விதி எல்லாருக்கும் ஒண்ணா இருந்ததே இல்லை. துளசித் தோட்டத்துல கிடைச்ச குழந்தை ஆண்டாள். அவளோட சாதி என்னன்னு பெரியாழ்வார் கேட்டதா எந்தக் கதையும் இல்லை.

குரூப்ல இதை டைப் பண்ணி அனுப்பினேன். சித்தப்பா ரெண்டு நாள் பதில் போடலை. மூணாவது நாள் போன் பண்ணி, “அந்த கமுதி கேஸ் விவரம் இருந்தா அனுப்புடா”ன்னாரு. அனுப்பியிருக்கேன்.