நரேன் கார்த்திகேயன் டிரக் ஓட்டின வருஷம்

ரெண்டு க்விஸ் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஃபார்முலா ஒன் ரேஸ்ல பாயிண்ட் எடுத்த முதல் இந்தியர் யாரு? நரேன் கார்த்திகேயன். 2005, இண்டியானாபோலிஸ், நாலாவது இடம், 5 பாயிண்ட். இது நிறையப் பேருக்குத் தெரியும். ரெண்டாவது கேள்வி: 2010ல அமெரிக்காவோட நாஸ்கார் டிரக் தொடர்ல ‘மோஸ்ட் பாப்புலர் டிரைவர்’ விருது வாங்கினது யாரு? அதே நரேன்தான். இதைச் சொன்னா, ‘நாஸ்காரா? நம்ம நரேனா?’ன்னு கேக்குறாங்க.

இந்த எபிசோட் அந்த ரெண்டாவது பதிலைப் பத்தினது. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். 2010ல மார்ட்டின்ஸ்வில்ங்கற ஊர்ல அவர் எடுத்த 13ஆவது இடம், இண்டியானாபோலிஸ்ல எடுத்த 4ஆவது இடத்தை விடப் பெரிய வேலை. எப்படின்னு பாக்கலாம்.

முதல்ல ‘ஸ்டாக் கார்’னா என்ன? கடையில போய் ‘ஸ்டாக் இருக்கா?’ன்னு கேக்குறோம்ல, அதே ஸ்டாக்தான். ஷோரூம்ல இருக்கிற சாதாரண காரை அப்படியே எடுத்து ரேஸ் விடுறதுன்னு ஆரம்பிச்ச விளையாட்டு. இன்னிக்கு நாஸ்கார்ல ஓடுற வண்டிக்கும் ஷோரூம் வண்டிக்கும் முகஜாடை மட்டும்தான் ஒண்ணு. உள்ளே முழுக்க ரேஸுக்குன்னே செஞ்ச குழாய்ச் சட்டமும் பெரிய வி8 எஞ்சினும் இருக்கும்.

இதோட பிறப்பிலேயே ஒரு சாராய வாசனை உண்டு. அமெரிக்காவுல 1920லேர்ந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. அது போனதுக்கு அப்புறமும் வரி கட்டாம மலைக்காட்டுல காய்ச்சிக் கடத்துற தொழில் நடந்துட்டுதான் இருந்துச்சு. ராத்திரியில சரக்கு ஏத்திட்டுப் போற பையன்கள், போலீஸ் கார் பிடிக்க முடியாத அளவுக்கு தங்களோட சாதாரண காரை முடுக்கி வெச்சிருந்தாங்க. யார் வண்டி வேகம்னு அவங்களுக்குள்ளயே போட்டி வந்துச்சு. அப்படித் தெற்கு அமெரிக்காவுல அங்கங்க நடந்த மண் டிராக் பந்தயங்களை ஒரு அமைப்புக்குள்ள கொண்டு வந்தவர் பில் ஃபிரான்ஸ். 1948ல நாஸ்கார் பிறந்துச்சு. 50 ரேஸ் ஜெயிச்ச ஜூனியர் ஜான்சன்ங்கற ஜாம்பவான், சாராயக் கேஸ்ல ஜெயிலுக்குப் போனவர். அவருக்கு 1986ல ஜனாதிபதி ரீகன் மன்னிப்புக் கொடுத்தாரு.

நான் பேசுறது பனமரத்துப்பட்டியில இருந்து. சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சென்னை மாகாணத்துல மதுவிலக்கு கொண்டு வந்தப்போ முதல்ல கை வெச்சது எங்க மாவட்டத்துலதான். ஆனா இங்கேர்ந்து ஒரு ரேஸ் தொடரும் கிளம்பல. எங்க ஊருக்குக் கிடைச்சது லாரி. பனமரத்துப்பட்டி பிரிவுல அரை மணி நேரம் நின்னு பாருங்க, சேலம் நாமக்கல் ரோட்டுல போறதெல்லாம் லாரிதான். நாமக்கல் பாடி பில்டிங் பட்டறை, சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டின்னு இந்தப் பக்கத்துப் பொழைப்பே சக்கரத்து மேல ஓடுது. அதனால ‘நரேன் டிரக் ரேஸ் ஓட்டினாரு’ன்னு சொன்னா இங்க எல்லாரும் பத்துச் சக்கர லாரியைத்தான் நினைப்பாங்க. அது இல்லீங்க. நாஸ்கார் டிரக்னா பிக்கப் வண்டி மாதிரி உருவம் செஞ்ச ஸ்டாக் கார். 1995ல தொடங்கின தொடர். நாஸ்காரோட மூணு தேசியத் தொடர்கள்ல இது மூணாவது படி.

இப்போ நரேனுக்கு வருவோம். கோயம்புத்தூர்க்காரர். 1977 ஜனவரி 14, பொங்கல் சமயத்துல பிறந்தவர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ரேலி சாம்பியன். அதனால வீட்டுலயே பெட்ரோல் வாசனை. கோயம்புத்தூருக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. அந்த ஊர்ல கரிவர்தன்னு ஒருத்தர், மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் வடிவமைச்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. அந்த வகைக் கார்லதான் நரேன் ஆரம்பிச்சாரு, ஸ்ரீபெரும்புதூர் டிராக்ல. 1992ல பிரான்ஸ்ல வின்ஃபீல்டு ரேஸிங் ஸ்கூல். 1994ல பிரிட்டன்ல ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயிச்சாரு. ஐரோப்பாவுல ஒரு ரேஸ் சாம்பியன் பட்டம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். 1996ல ஃபார்முலா ஏஷியா சாம்பியன். அப்புறம் பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2001 ஜூன்ல சில்வர்ஸ்டோன்ல ஜாகுவார் காரை டெஸ்ட் ஓட்டி, ஃபார்முலா ஒன் கார்ல உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனாரு.

படிக்கும்போது கட கடன்னு போயிடுது. ஆனா 1992க்கும் 2005க்கும் நடுவுல 13 வருஷம் இருக்கு. இந்த விளையாட்டுல திறமை இருந்தா மட்டும் சீட் கிடைக்காது. சின்ன டீம்கள்ல டிரைவர்தான் ஸ்பான்ஸரைக் கூட்டிட்டு வரணும். டயர், எஞ்சின், மெக்கானிக் சம்பளம்னு எல்லாத்துக்கும் யாராவது காசு கட்டணும். கிரிக்கெட்டைத் தவிர எதுக்கும் காசு எடுக்காத ஒரு நாட்டுல இருந்து போன பையனுக்கு இது எவ்வளவு பெரிய சுவர்னு யோசிச்சுப் பாருங்க. கடைசியில டாட்டா மாதிரி ஸ்பான்ஸர்கள் பக்கத்துல நிக்க, 2005ல ஜோர்டான் டீம்ல சீட் கிடைச்சுது. மெல்பர்ன்ல முதல் ரேஸ், 15ஆவது இடம்.

அந்த வருஷம் ஜூன் 19, இண்டியானாபோலிஸ். இந்த டிராக் அமெரிக்க ஓவல் பந்தயத்தோட கோயில் மாதிரி. ஃபார்முலா ஒன்னுக்காக உள்பக்கம் வளைவு நெளிவா ஒரு பாதை போட்டிருந்தாங்க. ஆனா ஒரு இடத்துல மட்டும் கார்கள் பழைய ஓவலோட சாய்வான வளைவுல ஏறி வரணும். சுமார் 9 டிகிரி சாய்வு. ஃபுல் ஸ்பீடுல அந்தச் சாய்வுல வரும்போது டயரோட பக்கச்சுவர் மேல விழற பாரம், சாதாரண வளைவுல வர்றதை விட ரொம்ப அதிகம். வெள்ளிக்கிழமை பயிற்சியில ரால்ஃப் ஷூமாக்கரோட மிஷெலின் டயர் பிஞ்சு, கார் சுவர்ல மோதுச்சு. எங்க டயர் இந்த வளைவைத் தாங்கும்னு உத்தரவாதம் கொடுக்க முடியாதுன்னு மிஷெலின் கம்பெனியே சொல்லிடுச்சு. வளைவுக்கு முன்னாடி வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வைங்கன்னு கேட்டாங்க, எஃப்.ஐ.ஏ. மறுத்துச்சு. ஞாயித்துக்கிழமை ஃபார்மேஷன் லாப் முடிஞ்சதும் 14 கார் வரிசையா பிட்டுக்குள்ள போயிடுச்சு. மிச்சம் இருந்தது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்: ஃபெராரி ரெண்டு, ஜோர்டான் ரெண்டு, மினார்டி ரெண்டு. காசு கொடுத்து வந்த ஜனங்க கோபத்துல டிராக் மேல பாட்டில் வீசினாங்க. மைக்கேல் ஷூமாக்கர் ஜெயிச்சாரு. நரேனோட டீம்மேட் தியாகோ மான்டெய்ரோ மூணாவது, நரேன் நாலாவது.

அந்தப் பாயிண்ட்டைக் குறைச்சுப் பேச எனக்கு ஆசை இல்ல. ஓடினவனுக்குத்தான் பாயிண்ட், அது ரூல். ஆனா இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் பாயிண்ட், ஒரு ஓவல் வளைவு மத்த டயர்களைத் துரத்தி விட்டதால வந்ததுங்கறதை மறைக்கவும் முடியாது. ஆறு கார்ல நாலாவது. க்விஸ் புத்தகத்துல இந்த ‘ஆறு’ எப்பவும் அச்சாகறதில்ல.

ஜோர்டான் கை மாறி வேற டீம் ஆச்சு, நரேனுக்கு சீட் போச்சு. 2006, 2007ல வில்லியம்ஸ்ல டெஸ்ட் டிரைவர். 2007 டிசம்பர்ல சீனாவோட ஜூஹாய் டிராக்ல ஏ1 கிராண்ட் பிரீ, டீம் இந்தியாவுக்கு முதல் வெற்றி. 2009ல லே மான் போனாரு, அங்க தோள்பட்டை நழுவி மெயின் ரேஸ் ஓட்ட முடியல. 2010ல அவருக்கு 33 வயசு. அந்த வருஷம் ஹெச்.ஆர்.டி. டீம்ல ஃபார்முலா ஒன் சீட் போனது இன்னொரு தமிழ்நாட்டுக்காரருக்கு, சென்னையோட கருண் சந்தோக்குக்கு. நரேனுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சதும் அதே 2010லதான். விருது இருக்கு, ஃபார்முலா ஒன்ல வண்டி இல்ல. அப்போதான் அமெரிக்காவுல இருந்து டிரக் வாய்ப்பு வருது.

2010 மார்ச் 27, வர்ஜீனியா மாநிலத்துல மார்ட்டின்ஸ்வில். நாஸ்கார் தேசியத் தொடர்கள் போற டிராக்குகள்லயே ரொம்பப் பழசுல ஒண்ணு, ரொம்பச் சின்னதும் கூட. ஒரு சுத்து அரை மைல் சொச்சம், அதாவது சுமார் 850 மீட்டர். பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும். ரெண்டு நேர்கோடு, ரெண்டு இறுக்கமான வளைவு. ஜெயிச்சா கோப்பை கிடையாது, ஆள் உயரக் கடிகாரம் ஒண்ணு கொடுப்பாங்க. நம்ம வீட்டு ஹால்ல தாத்தா காலத்துல நின்ன மாதிரி. 250 சுத்து, எல்லாம் இடது பக்கமே.

‘இடது பக்கமே திரும்பினா அதுல என்ன இருக்கு?’ன்னு ஃபார்முலா ஒன் ரசிகர்கள் கேப்பாங்க. சொல்றேன். நரேன் 2005ல ஓட்டின கார், டிரைவரையும் சேர்த்து சுமார் 600 கிலோ. இந்த டிரக் அதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஃபார்முலா ஒன் கார்ல காத்தே வண்டியைத் தரையோட அழுத்திப் பிடிக்கும், லேட்டா பிரேக் அடிச்சாலும் நிக்கும். டிரக் அப்படி நிக்காது. 250 சுத்துன்னா 500 தடவை கனமா பிரேக் பிடிக்கணும். ஆரம்பத்துலயே முரட்டுத்தனமா அடிச்சா பிரேக் செவசெவன்னு பழுத்துடும், கடைசி 50 சுத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. பொறுமையா டயரையும் பிரேக்கையும் சேமிச்சு வெச்சு ஓட்டணும்.

இன்னொண்ணு, தொடுறது. ஃபார்முலா ஒன்ல சக்கரத்தோட சக்கரம் உரசினா ரேஸ் முடிஞ்சுது. மார்ட்டின்ஸ்வில்ல முன்னாடி போறவனை பம்பரால ஒரு இடி இடிச்சு நகத்திட்டுப் போறதுதான் நடைமுறை. 13 வயசுலேர்ந்து இதுலயே வளர்ந்தவங்களோட, 33 வயசுல புதுசா வந்து நிக்கணும். போதாக்குறைக்கு, கண்ணாடியில பாத்தா எல்லாம் தெரியாது. அதனால ‘ஸ்பாட்டர்’னு ஒருத்தர் ஸ்டேண்ட் உச்சியில நின்னு ரேடியோவுல சொல்லிட்டே இருப்பாரு: உள்பக்கம் ஒருத்தன், இன்னும் இருக்கான், இப்போ கிளியர். நாமக்கல்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பாடியைத் தட்டி ‘வா, வா, வா, போதும்’னு சொல்றாரே, அதே உறவுதான். டிரைவர் அந்தக் குரலை முழுசா நம்பணும்.

60ஆம் நம்பர் செவ்ரோலெட் சில்வராடோ. நாஸ்கார் தேசியத் தொடர்ல ஓட்டின முதல் இந்தியர். 36 வண்டிகள்ல 11ஆவதா கிளம்பி 13ஆவதா முடிச்சாரு. யாரும் பிட்டுக்குள்ள போய் வழி விடல. யாரோட டயரும் அவருக்காகப் பிஞ்சு போகல. பழக்கமில்லாத வண்டி, பழக்கமில்லாத டிராக், இடிச்சுத் தள்ற கூட்டம், அதுல 23 வண்டியைப் பின்னாடி விட்டிருக்காரு. நான் 13 பெருசுன்னு சொன்னது இதனாலதான்.

அந்த சீசன்ல மொத்தம் 25 ரேஸ். நரேன் ஓட்டினது 9. ஆனா வருஷக் கடைசியில ரசிகர்கள் ஓட்டுல ‘மோஸ்ட் பாப்புலர்’ இவருதான். அதுக்கு முந்தின வருஷம் வாங்கினவர் ரான் ஹார்னடே, டிரக் தொடரோட பெரிய தலை. ஒன்பதே ரேஸ் ஓட்டின புது ஆளுக்கு அவ்வளவு ஓட்டு எந்த நாட்டுல இருந்து விழுந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

எனக்கு இதுல சிரிப்பும் வருது, சங்கடமாவும் இருக்கு. நம்ம ஜனத்தொகை ஒரு அமெரிக்க விருதையே தூக்கிட்டு வந்துச்சு. ஆனா அந்த ஓட்டுல ஒரு செட் டயர் கூட வாங்க முடியாது. ஓட்டு விழுந்துச்சு, அடுத்த வருஷம் ஓட்ட அங்க வண்டி கிடைக்கல. இதே டிரக் தொடருக்கு அதே காலத்துல வந்த இன்னொரு முன்னாள் ஃபார்முலா ஒன் ஆள், பிரேசிலோட நெல்சன் பிக்கே ஜூனியர். 2010ல சில ரேஸ், 2011ல முழு சீசன், 2012ல மிச்சிகன்ல வெற்றி. ஓவல் கத்துக்க அவருக்கு ரெண்டு வருஷம் கிடைச்சுது. நரேனுக்குக் கிடைச்சது ஒன்பது ரேஸ். பிக்கே அளவுக்கு இவரும் ஜெயிச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். பாக்க வாய்ப்பே கிடைக்கலங்கறதுதான் என் வருத்தம்.

2011ல ஹெச்.ஆர்.டி. மூலமா திரும்ப ஃபார்முலா ஒன். நடுவுல சீட்டை டேனியல் ரிக்கியார்டோவுக்குக் கொடுத்துட்டு உட்கார வெச்சாங்க. அக்டோபர் 30, டெல்லி பக்கத்துல புத் சர்க்யூட்ல முதல் இந்திய கிராண்ட் பிரீக்கு மட்டும் கூப்பிட்டாங்க. கடைசி வரிசை வண்டியில 17ஆவது முடிச்சாரு, ஒரு இடம் பின்னாடி அதே ரிக்கியார்டோ. 2012 முடிவுல அந்த டீமே மூடியாச்சு. அப்புறம் ஜப்பான்ல சூப்பர் ஃபார்முலா, அங்கேயே 2019 நவம்பர்ல ஃபூஜி டிராக்ல சூப்பர் ஜிடி, டி.டி.எம். கார்கள் சேர்ந்து ஓடின ரேஸ்ல ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்.ல வெற்றி. அப்போ அவருக்கு 42 வயசு.

அடுத்த எபிசோட்ல ஃபார்முலா மாருதி கரிவர்தனைப் பத்தியும், அவர் பேரை வெச்ச செட்டிபாளையம் டிராக்கைப் பத்தியும் பேசலாம். கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவங்க அங்க ரேஸ் பாத்த அனுபவம் இருந்தா எழுதுங்க. வரட்டுமா.