மின்கட்டணச் சீட்டின் பூர்வகதை

மல்லேஸ்வரத்தில் மாதத்தின் முற்பகுதியில் மீட்டர் பார்ப்பவர் வந்து, கைப்பொறியில் அச்சான நீண்ட சீட்டு ஒன்றைத் தந்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து குடியேறிய நம்மவருக்கு அதைக் கண்டதும் திகைப்பு உண்டாகிறது. ஊரில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்த கணக்கு இங்கே மாதந்தோறும் வருகிறது. எழுத்தோ பெரும்பாலும் கன்னடம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்த மாதத்திலுங்கூட 'நிலைக் கட்டணம்' என்று ஒரு தொகை கணக்கில் ஏறியிருக்கிறது. இந்தத் தொகைகளை விதிப்பவர் யார்? எந்த அதிகாரத்தால் விதிக்கிறார்? இதை அறிய நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும்.

மல்லேஸ்வரத்தை அடுத்திருக்கும் சேஷாத்திரிபுரம், 1883 முதல் 1901 வரை மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரின் பெயரைத் தாங்கியது. பாலக்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பத்தவர் அவர். சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. ஜோலி டி லாட்பினியர் என்ற பொறியியலாளர் அதனை முன்னின்று நடத்தினார். 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் அதுவும் ஒன்று. திவான் அதைக் காண உயிரோடில்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

அந்த மின்சாரத்திற்கு விலை வைத்தது எப்படி? விற்றவர் சமஸ்தான சர்க்கார். வாங்கியவர் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிருவகித்த சுரங்கக் கம்பெனிகள். குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று இரு தரப்பாரும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டனர். இருவரும் வலியவர், கணக்குத் தெரிந்தவர். நடுவர் ஒருவர் தேவைப்படவில்லை. அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். ஆயினும் ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இடமில்லை. விளக்கெரிக்கும் இல்லறத்தானுக்கும் இடமில்லை. பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிந்ததே மூன்றாண்டு கழித்து, 1905 ஆகஸ்டு 5ஆம் நாளில்தான்.

இல்லறத்தான் வாடிக்கையாளன் ஆனபோது சிக்கல் தொடங்கியது. அவன் தனியன். தெருவில் ஒரே கம்பிதான் வரும். 'உன் விலை பிடிக்கவில்லை, அடுத்த கடைக்குப் போகிறேன்' என்று எட்டாவது கிராஸ் சந்தையில் சொல்வதுபோல் இங்கே சொல்ல முடியாது. ஆகவே விலைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்ற கருத்து எல்லா நாட்டிலும் எழுந்தது.

நிலைக் கட்டணத்தின் தோற்றமும் அக்காலத்தையொட்டியதே. 1892ஆம் ஆண்டில் ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், மின்சாரத்தின் செலவு இருவகைப்பட்டது என்று எடுத்துக்காட்டினார். கல்யாணத்திற்கு ஐந்நூறு பேர் வருவர் என்று பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோம். இருநூறு பேரே வந்தாலும் அரிசிச் செலவு குறையுமேயன்றிப் பாத்திர வாடகை குறையாது. மின் நிலையமும் கம்பியும் மின்மாற்றியும் பாத்திரம் போன்றவை. எரிபொருள் அரிசி போன்றது. நம் சீட்டில் கிலோவாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வருவது பாத்திர வாடகை. வாடகை வீட்டில் இருப்போர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை கிலோவாட்டு என்பதை விண்ணப்பித்து வாங்கியவர் வீட்டுக்காரர். மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டுபவர் நாம்.

1948ஆம் ஆண்டின் மின்வழங்கற் சட்டம் மாநிலந்தோறும் மின்வாரியம் அமைக்க வழிசெய்தது. மைசூர் மாநில மின்வாரியம் 1957 அக்டோபரில் பிறந்தது. இயன்றவரை வாரியம் நட்டத்தில் நடவாதிருக்க வேண்டும் என்று சட்டம் கூறிற்று. 'இயன்றவரை' என்ற அந்த ஒரு சொல்லில் பல்லாயிரம் கோடி ரூபாய் கரைந்துபோயிற்று என்பது நம் கருத்து. விலையை வைப்பது வாரியம், வாரியத்தை ஆட்டுவது அரசு, அரசை ஆட்டுவது தேர்தல். விலை கூடினாலும் குறைந்தாலும் குடிமகனிடம் காரணம் சொல்லும் கடமை எவருக்கும் இருந்ததில்லை.

இந்நிலை மாறியது 1999இல். கர்நாடக மின்சாரச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அவ்வாண்டில் ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பட்டது. 2002இல் பெங்களூருக்கு மின்சாரம் வழங்கும் பெஸ்காம் தனி நிறுவனமாயிற்று. 2003இல் மத்திய மின்சாரச் சட்டம் வந்தது. இன்று பெஸ்காம் தன் விருப்பம்போல் விலையை ஏற்ற இயலாது. தனக்கு எவ்வளவு வருவாய் தேவை என்று கணக்குக் காட்டி ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதன் சுருக்கம் செய்தித்தாளில் வர வேண்டும். மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு 120 நாட்களுக்குள் ஆணையம் தீர்ப்பளிக்க வேண்டும். அரசு எவருக்கேனும் சலுகை தர விரும்பினால், அத்தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு.

அண்மைய மூன்று ஆணைகளைப் பார்த்தால் இது நடைமுறையில் எப்படி இருக்கிறதென்பது விளங்கும். 2023 மே 12ஆம் நாள் ஆணையின்படி, 100 யூனிட்டுக்குள் செலவழித்தவருக்கு யூனிட் 4 ரூபாய் 75 காசு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே 7 ரூபாய். 100 யூனிட்டுக்கு 475 ரூபாய்; 101 யூனிட்டுக்கு 707 ரூபாய்! மின்விசிறியை அரைநாள் கூடுதலாக ஓடவிட்டவர் அதற்கு 232 ரூபாய் கொடுத்தார். 2024 பிப்ரவரி ஆணை இந்தப் படியை எடுத்துவிட்டு எல்லாருக்கும் 5 ரூபாய் 90 காசு என்றது. படி போனது நன்றே. ஆனால் 100 யூனிட் செலவழிக்கும் எளியவருக்கு 475 என்பது 590 ஆயிற்று. 200 யூனிட் செலவழிப்பவருக்கு 1,400 என்பது 1,180 ஆகக் குறைந்தது. 2025 மார்ச் ஆணை 2025-26ஆம் ஆண்டுக்கு யூனிட் விலையில் 10 காசைக் குறைத்தது; நிலைக் கட்டணத்தைக் கிலோவாட்டுக்கு 120 ரூபாயிலிருந்து 145 ரூபாயாக்கியது.

எளியவரின் சுமை பலருக்கு உறைக்காததற்குக் காரணம், 2023 ஜூலை முதல் நடக்கும் கிருஹ ஜோதித் திட்டம். குடும்பத்தின் முந்தைய சராசரிச் செலவோடு சற்றுக் கூடுதல் சேர்த்து, 200 யூனிட்டுக்கு மேற்படாமல், அரசே செலுத்துகிறது. வாடகைக் குடியினரும் இதைப் பெறலாம். ஆனால் 200ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் முழுத் தொகையும் நம் தலையில். ஆணையம் எடுத்துவிட்ட படியை அரசு வேறோர் இடத்தில் கட்டிவைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் சட்டச் சொற்களைச் சற்று நின்று பார்ப்பது நம் வழக்கம். 'நுகர்வோர்' என்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பொருளில், மின்சாரம் பெறும்பொருட்டு எவருடைய இடம் இணைக்கப்பட்டுள்ளதோ அவரும் அடங்குவர். வீட்டின் சொந்தக்காரர் என்ற சொல்லே அங்கு இல்லை. முன்பு நாம் குடியிருந்த ஒரு வீட்டில், உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தாமே ஒரு விலை கூறி வாங்கினார். ஆணையத்தின் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினோம். "இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். மறு மாதம் விலை குறைந்தது.

ஆணையத்தின் பொது விசாரணைகளில் தொழிற்சாலைச் சங்கத்தார் பேசுகின்றனர். உழவர் சங்கத்தார் பேசுகின்றனர். இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் குரல் அங்கே அரிதாகவே கேட்கிறது. விண்ணப்பச் சுருக்கம் செய்தித்தாளில் வரும் நாளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை எழுத்து மூலம் அனுப்புவதற்கான கடைசி நாளும் முகவரியும் அதிலேயே இருக்கும்.